பைரைட்டை அடக்கச் சுண்ணாம்பு: புதுச்சேரி லேபில் பல வருட அனுபவம்

செம்புத் தாதுவில் பைரைட் (செம்பில்லாத இரும்புச் சல்பைடு) அதிகம் என்று சாம்பிள் கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கலெக்டர் போடலாம் சார்?" என்றுதான். கலெக்டர் என்றால் தாதுத் துகளின் மேல் ஒட்டி, அதைக் காற்றுக் குமிழியோடு மிதக்க வைக்கும் மருந்து. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் (கோவைப் பக்கத்து ஊர் இல்லை, நம்ம புதுச்சேரியில் இருப்பது) சின்ன லேபில் நுரை மிதப்பு செல்லை (அரைத்த தாதுவைத் தண்ணீரில் கலக்கிக் காற்று விட்டு, வேண்டிய துகளை நுரையோடு மேலே எடுக்கும் தொட்டி) பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் கலெக்டர் பேச்சு அப்புறம். முதலில் தண்ணீர், அடுத்தது சுண்ணாம்பு.

நமக்கு வேண்டிய செம்புக் கனிமமான சால்கோபைரைட், வேண்டாத பைரைட் இரண்டுமே சல்பைடு. சாந்தேட் என்ற வழக்கமான கலெக்டர் இரண்டின் மேலும் ஒட்டும். சுத்தமான சால்கோபைரைட்டில் செம்பு 34.6 சதவீதம், பைரைட்டில் இரும்பும் கந்தகமும்தான். அது நுரையோடு ஏறிவிட்டால் கான்சன்ட்ரேட்டின் (நுரையில் சேர்த்தெடுத்த செறிவான தாது) தரம் சரியும், உருக்காலையில் விலை அடிபடும். சுண்ணாம்பு போட்டு பிஎச்-ஐ 11-க்கு மேல் கொண்டுபோனால் பைரைட்டின் மேல் ஹைட்ராக்சைடு படிந்து, கால்சியமும் சேர்ந்துகொண்டு, அது மிதக்காமல் அடங்கும். சால்கோபைரைட் அதைப் பொருட்படுத்தாமல் மேலே வரும்.

இது கடலோரத்தில் அப்படியே நடப்பதில்லை. இங்கே போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மெக்னீசியம் அதிகமுள்ள தண்ணீரில் பிஎச் 10-ஐ நெருங்கும்போதே மெக்னீசியம் ஹைட்ராக்சைடு பிரிய ஆரம்பிக்கும். போடுகிற சுண்ணாம்பையெல்லாம் அது தின்றுவிடும், மீட்டர் முள் நகரவே நகராது. கேன் தண்ணீரில் செய்த டெஸ்ட்டும் போர் தண்ணீரில் செய்ததும் வேறு வேறு சுண்ணாம்புக் கணக்கைத் தரும். அதனால் சாம்பிளோடு ஆலைத் தண்ணீரையும் ஒரு கேனில் அனுப்பச் சொல்லிவிடுவேன். அலுத்துக்கொள்வார்கள், ஆனாலும் அனுப்புவார்கள்.

சுண்ணாம்பை எங்கே போடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. செல்லில் போடுவதைவிட அரைக்கும் மில்லிலேயே போட்டுவிடுவது மேல். காற்றுப்பட்டுப் பழசான தாதுவிலிருந்து செம்பு அயனிகள் கரைந்து வந்து பைரைட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அந்தப் பைரைட்டும் செம்புத் தாது மாதிரியே சாந்தேட்டைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். மில்லிலேயே காரம் இருந்தால் அந்த அயனிகள் பெரும்பாலும் அங்கேயே படிந்துபோகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நொறுக்கிய சாம்பிளைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டால் சீக்கிரமே கெடும். ஒரு பழைய பிரிட்ஜின் ஃப்ரீசரை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். அரைப்பது டெஸ்ட் நடக்கும் அன்றைக்குத்தான்.

கலெக்டரில் பொட்டாசியம் அமைல் சாந்தேட் வலுவானது, ஆனால் முரட்டு ஆள், பைரைட்டையும் சேர்த்து இழுத்துவிடும். பைரைட் அதிகமென்றால் டைதயோபாஸ்பேட்டோ தயோனோகார்பமேட்டோ எடுத்துக்கொள்வேன். ஒரு கிலோ தாதுவுக்கு, டன்னுக்கு 20 கிராம் கணக்கென்றால் வெறும் 20 மில்லிகிராம், அதாவது ஒரு சதவீதக் கரைசலில் 2 மில்லி. பிப்பெட்டில் அரை மில்லி கூடினாலே கால் பங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். சாந்தேட் கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். ஈரம் பட்டால் சிதைந்து கார்பன் டைசல்பைடு நாறும், அது தீப்பிடிக்கிற ஆவியும்கூட. மூடியைத் திறந்து வைக்கிற பையனை எங்கள் லேபில் யாரும் சும்மா விடுவதில்லை.

மெஷினைப் பற்றி: உள்ளூரில் செய்த, டென்வர் பிராண்ட் மாடலிலான மிதப்பு செல். சுழலி ரப்பர் தேய்ந்தால் குமிழி பெரிதாகும். மேலே பேரிங்கிலிருந்து கிரீஸ் ஒரு துளி செல்லில் சொட்டினால் போதும், நுரையே வேறு மாதிரி ஆகிவிடும். அந்த டெஸ்ட்டைக் கொட்டிவிட வேண்டியதுதான். விற்றவரிடம் சீல் கேட்டால் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்றே போகும். உப்புக்காற்றில் தண்டு துருப்பிடிப்பதைச் சொல்லவே வேண்டாம். பிஎச் எலெக்ட்ரோடின் கண்ணாடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவாமல் அளந்தால் மெதுவாக நகர்ந்து பொய் சொல்லும்.

அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. நுரையில் கொஞ்சத்தை வாட்ச் கிளாஸில் எடுத்து, தண்ணீர் விட்டு, முறத்தில் புடைக்கிற மாதிரி ஆட்டினால் குவார்ட்ஸ் ஒதுங்கும். லென்ஸில் சால்கோபைரைட் நல்ல மஞ்சள், பைரைட் வெளிறிய பித்தளை. சந்தேகமென்றால் பெரிய துணுக்கை ஊசியால் கீறிப் பாருங்கள். சால்கோபைரைட்டில் கோடு விழும், பைரைட்டில் விழாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு மிஞ்சினால் தாதுவிலுள்ள தங்கமும் அடங்கிப்போகும், மாலிப்டினைட்டும் (மாலிப்டினம் தாது) அப்படித்தான். அந்த மாதிரி தாதுவுக்குச் சோடியம் மெட்டாபைசல்பைட்டை வைத்து, பிஎச் 11 வரை போகாமலே பைரைட்டை அடக்கிப் பார்ப்பேன். விலை அதிகம், செல்லிலிருந்து வரும் சல்பர் டைஆக்சைடு நெடியும் அதிகம். ஃபியூம் ஹுட் (நெடியை வெளியே இழுத்துவிடும் கூண்டு) இல்லாத லேபில் அதைத் தொடாதீர்கள்.