யோஹானிஸ்கிரவுட்: நான்கு குளிர்காலம் எடுத்துக்கொண்ட பிறகு

ஜெர்மனியில் நவம்பர் கடைசியில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். இங்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் எழுந்து பல் துலக்குவதே எனக்கு மலையாகத் தெரிந்தது. மனச்சோர்வுக்கு இங்கே எடுக்கும் மூலிகையான யோஹானிஸ்கிரவுட் (ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்) குடித்துப் பார் என்றார் உடன் வேலை செய்யும் அக்கா. ஜூன் 24, யோவான் திருநாளையொட்டிப் பூக்கும் மஞ்சள் பூச்செடி அது. மொட்டை நசுக்கினால் விரல் சிவக்கும். அந்தச் சிவப்புதான் ஹைபரிசின், செடியின் முக்கியப் பொருள்களில் ஒன்று.

சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய இலையை ஆறு வாரம் கஷாயம் போலக் கொதிக்கவைத்துக் குடித்தேன். அப்புறம் அங்கேயே மலிவான மாத்திரை. ஒன்றும் மாறவில்லை. டாக்டரிடம் போனேன். லேசான மனச்சோர்வு என்றவர், தினம் 900 மில்லிகிராம் உலர்சாறு, அதாவது மூலிகையின் சாற்றை எடுத்து உலர்த்திய பொடி அடங்கிய மாத்திரை, எடுக்கச் சொன்னார்.

மருந்துக்கடை அம்மா பழைய பெட்டியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. பழையதில் இருந்தது வெறும் இலைப்பொடி. புதியதில் 'அவுஸ்சுக்ஸ்மிட்டல் (சாறு எடுக்கும் கரைப்பான்): மெத்தனால் 80%' என்றும் 3–6:1 என்றும் இருந்தது. அந்த விகிதத்தின் பொருள், மூன்று முதல் ஆறு கிலோ மூலிகையிலிருந்து ஒரு கிலோ சாறு. மெத்தனாலைப் பிறகு ஆவியாக்கி எடுத்துவிடுவார்கள். இந்தச் செடியின் இன்னொரு முக்கியப் பொருளான ஹைபர்ஃபோரின் தண்ணீரில் சரியாகக் கரையாது. வெளிச்சமும் காற்றும் பட்டால் சிதையும். கொதிக்கவைத்தால் எல்லாச் சத்தும் இறங்கிவிடும் என்ற நம் வீட்டு நம்பிக்கை இங்கே பலிக்கவில்லை.

அதற்காக ஹைபர்ஃபோரின்தான் எல்லாம் என்றும் சொல்ல முடியாது. அது மிகக் குறைவாக உள்ள ஸெட்-ஈ 117 என்ற சாறும் ஆய்வுகளில் பலன் தந்திருக்கிறது. மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் ஐரோப்பிய மருந்து நூல் உலர்சாற்றில் ஹைபரிசின் வகைகள் 0.10–0.30%, ஃபிளேவனாய்டு என்ற தாவரப் பொருள்கள் குறைந்தது 6%, ஹைபர்ஃபோரின் அதிகபட்சம் 6% என்று மூன்றுக்கும் அளவு வைத்திருக்கிறது. நான் பெட்டியைத் திருப்பிக் கரைப்பான், விகிதம், மில்லிகிராம் மூன்றும் இல்லையென்றால் வாங்குவதில்லை.

பலன்? மூன்றாவது வாரம் தூக்கம் சீரானது. ஐந்தாவது வாரம் சமைக்கத் தோன்றியது, அதுவும் வத்தக்குழம்பு. அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் டாக்டரைப் பார்த்துத்தான் தொடங்குகிறேன், அவர் சொன்னபடி குறைத்து நிறுத்துகிறேன். ஒரு ஏப்ரலில் அரை மணி வெயிலுக்கே கழுத்து சிவந்து எரிந்தது. தோலுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் போவது இதன் தெரிந்த பக்கவிளைவு.

இதைவிடப் பெரிய விஷயம், ஹைபர்ஃபோரின் ஈரலில் உள்ள நொதிகளைத் தூண்டி மற்ற மருந்துகளைச் சீக்கிரம் வெளியேற்றிவிடுவது. இதய மாற்று செய்துகொண்டவர்களுக்கு, உடல் புது உறுப்பை எதிர்க்காமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் விழுந்து, உடல் புது இதயத்தை ஏற்க மறுத்ததை சூரிச் மருத்துவர்கள் 2000இல் பதிவு செய்தார்கள். கருத்தடை மாத்திரையும் வலு இழக்கும். மற்ற மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்தால் வேறு வகை ஆபத்து.

மதுரையில் இருக்கும் சித்தி, "எனக்கும் ரெண்டு பெட்டி அனுப்புடா" என்றார். அவருக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போகிறது; அதையும் இந்த மூலிகை வலு இழக்கச் செய்யும். முடியாது சித்தி, உங்கள் இதய டாக்டரிடமே மனசு சரியில்லை என்று சொல்லுங்கள் என்றேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.