முதல் இமயமலை நடைக்கு ஹம்ப்டாவா, காஷ்மீர் ஏரிகளா?

வெள்ளியங்கிரி ஏழாவது மலை வரை ஏறி இறங்கியவர்கள் அடுத்து இமயமலை என்று கிளம்பும்போது, பெரும்பாலும் இரண்டு பெயரில் வந்து நிற்கிறார்கள். ஒன்று மணாலிப் பக்கத்து ஹம்ப்டா கணவாய். இன்னொன்று சோனமார்க்கில் தொடங்கி நாரநாகில் முடியும், மலை ஏரிகளைத் தொட்டுப் போகும் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் பாதை. இரண்டையும் நடந்திருக்கிறேன். "ஹம்ப்டா நாலஞ்சு நாள்தான், அதனால ஈஸி" என்ற பேச்சை நம்பித்தான் முதலில் அங்கே போனேன். அது தப்புக் கணக்கு.

நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஹம்ப்டா கணவாய் ஏறத்தாழ 4,270 மீட்டர். மணாலியோ சுமார் 2,050. ஜோப்ராவரை வண்டியில் போய், சிகாவில் ஓர் இரவு, பாலு கா கேராவில் ஓர் இரவு, மறுநாள் கணவாய். 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்தப் பாதை அந்த விதியை ஒட்டி உரசிக்கொண்டே போகிறது. பாலு கா கேராவில் அன்றிரவு எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. வெள்ளியங்கிரி காலைப் பழக்கும். இந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்காது.

காஷ்மீர்ப் பாதை நீளம், 70 கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் ஏற்றம் கடுமைதான். ஆனால் தொடக்கத்து நிச்நாய் முகாமுக்குப் பிறகு முகாம்கள் எல்லாம் ஏறக்குறைய 3,500 முதல் 3,700 மீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. விஷன்சர் ஏரிக்கரையில் பல குழுக்கள் ஒரு நாள் ஓய்வு எடுக்கும். அதன்பிறகுதான் பாதையின் மிக உயரமான கட்சர் கணவாய், சுமார் 4,200 மீட்டர். உயரத்தை மட்டும் பார்த்தால் காஷ்மீர்தான் உடம்புக்கு இதம்.

அப்படியானால் காஷ்மீர்தானா? இல்லை. நான் கேட்பது வேறு கேள்வி: நடு வழியில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் சாலை எவ்வளவு தூரம்? பாலு கா கேராவிலிருந்து அரை நாள் இறங்கினால் ஜோப்ரா. கட்சர் ஏரியிலிருந்து பாதையில் முன்னே போனாலும் பின்னே திரும்பினாலும் கணவாயைத் தாண்டித்தான் ஆகவேண்டும், முழுசாக இரண்டு நாள் நடைக்கு மேல். ஹம்ப்டாவின் குறையை மணாலியில் கூடுதலாக ஒரு நாள் தங்கிச் சரிசெய்யலாம். காஷ்மீரின் தூரத்தை எதை வைத்தும் குறைக்க முடியாது.

மாதம் முக்கியம். மே லீவில் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டிலுமே அப்போது பனி கிடக்கும், வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் மட்டும்தான் லீவு கிடைக்கும் என்றால் காஷ்மீருக்குக் கூடுதல் மதிப்பெண்: பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஹம்ப்டாவின் குலு பக்கம் அதே மாதங்களில் நனைந்து சேறாகிக் கிடக்கும். ஆனால் கணவாயைத் தாண்டிய நொடியில் பச்சை நின்றுபோய், மறுபக்கத்து லாஹௌல் பள்ளத்தாக்கின் காய்ந்த பழுப்பு மலைகள் எதிரே நிற்கும். ஒரே நாளில் இரண்டு உலகம். அந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை போவேன்.

ஹம்ப்டாவில் இன்னொன்றுக்கும் தயாராகப் போங்கள். கணவாய்க்கு அப்பால் ஷியா கோரு முகாமில் ஓடையைக் கடக்கவேண்டும். வெயில் ஏறினால் பனி உருகித் தண்ணீரும் ஏறும், அதனால் விடியற்காலையிலேயே இறக்கிவிடுவார்கள். ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டி, கையோடு கை கோத்து இறங்கினோம். பத்து அடி போவதற்குள் பாதம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அக்கரையில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து உணர்வு வந்தபோதுதான் வலியே தொடங்கியது. ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை நனையாமல் பையின் மேலேயே வையுங்கள். காஷ்மீரில் சோதனை கடைசி நாள்: கங்காபல் ஏரியிலிருந்து நாரநாகுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே இறக்கம். முட்டி வலி உள்ளவர்கள் இரண்டு கைத்தடி இல்லாமல் போகவேண்டாம்.

காஷ்மீரில் வழியெங்கும் ராணுவச் சோதனை உண்டு, அசல் அடையாள அட்டை வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, அனுமதி நிலவரத்தை உறுதிசெய்துகொண்டே விமான டிக்கெட் போடுவது நல்லது.

கங்காபல் கரையில் ஹர்முக் சிகரம் தண்ணீரில் தலைகீழாக நின்ற அந்தச் சாயங்காலத்துக்கு ஈடாக ஹம்ப்டாவில் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் வரும் செப்டம்பர் முதல் வாரத்தில் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு போவது ஹம்ப்டாவுக்குத்தான். அவனுக்கு இதுதான் முதல் முறை. மணாலியில் இரண்டு இரவுக்கு அறை போட்டாச்சு.