கியூ.சி.யா, ஃபோர்முலேஷனா, டெக்னிக்கல் சேர்விஸா?

போன மாதம் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், கம்பஸில் இரசாயனவியல் முடித்த தம்பி ஒருவர் ஸ்பெஷாலிட்டி கெமிக்கல்ஸ் துறையில் இரண்டு நியமனக் கடிதங்களோடு வந்தார். ஒன்று தரக் கட்டுப்பாட்டு (கியூ.சி.) ஆய்வுகூடத்துக்கு, மற்றது வாடிக்கையாளரின் ஆலைக்கே போய்ப் பிரச்சினை தீர்க்கும் டெக்னிக்கல் சேர்விஸுக்கு. அவருக்கு ஆசையோ பொருளின் கலவையை உருவாக்கும் ஃபோர்முலேஷனில். வீட்டில் ஆசிரியர் நியமனம் வரும்வரை பொறுக்கச் சொல்கிறார்களாம். "அண்ணை, எதை எடுக்கிறது?" என்றார்.

முதலில் இந்தத் தொழிலின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அந்தக் காலத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. யார் செய்தாலும் காஸ்டிக் சோடா காஸ்டிக் சோடாதான். தூய்மையும் விலையும்தான் பேச்சு. ஸ்பெஷாலிட்டி கெமிக்கல்ஸில், பொருள் என்ன வேலை செய்கிறது என்பதற்குத்தான் காசு. பெயின்ற் நுரைக்கக் கூடாது, சாயம் துணியில் சமமாக ஏற வேண்டும், பொயிலரில் சுண்ணாம்பு படியக் கூடாது. ஒவ்வொன்றும் கொஞ்சமாகத்தான் விற்கும், ஆனால் நல்ல விலைக்கு.

கியூ.சி.யில் கை பழகும். சிரட்டைக் கரியில் செய்த அக்டிவேற்றட் காபன் என்றால், தூளை அயடீன் கரைசலில் குலுக்கி வடித்து, மிஞ்சிய அயடீனைத் தயோசல்பேற்றால் நியமிக்க (டைற்றேற் பண்ணி அளக்க) வேண்டும். மாப்பொருள் விட்டதும் கருநீலமாகும். கடைசித் துளியில் சட்டென்று நிறம் போய்விடும். ஒரு கிராம் காபன் எத்தனை மில்லிகிராம் அயடீனைப் பிடித்தது என்பதுதான் அயடீன் எண். இதைச் செய்யச் சில மாதங்களில் பழகிவிடலாம். லொறி வாசலில் நிற்கும்போது "இது தேறாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் கடினம். அந்தப் பழக்கம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் மூன்றாம் வருடமும் அதே அளவி (பியூரெற்), அதே அட்டவணைதான்.

ஃபோர்முலேஷன் அறிவுக்கு நல்ல தீனி. ஆனால் இடங்கள் குறைவு. பன்னாட்டுக் கம்பனிகள் பலவற்றில் புதிய பொருள் உருவாக்கும் வேலை வெளிநாட்டில் நடக்கும். இங்கே நடப்பது இருப்பதை நம் சூழலுக்கு மாற்றும் வேலை. மேற்படிப்பு இருந்தால் முயலலாம்.

என் தெரிவு டெக்னிக்கல் சேர்விஸ். ஒருமுறை ஒரு சாயமிடும் ஆலையில் பருத்தித் துணி திட்டுத் திட்டாக வந்தது. எல்லோரும் எங்கள் சாயத்தைக் குறை சொன்னார்கள். எனக்கோ தண்ணீரில்தான் சந்தேகம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது முதலில் தோன்றாமல் இருக்குமா? குடுவையில் தண்ணீர் எடுத்து, பஃபர் கரைசல் விட்டு, எரியோகுரோம் பிளாக் ரீ என்ற நிறங்காட்டி ஒரு துளி போட்டேன். மென்னீர் என்றால் நீலமாக இருக்க வேண்டும். இது கருஞ்சிவப்பாக நின்றது. தண்ணீரை வன்னீராக்கும் கல்சியமும் மக்னீசியமும் அப்படியே இருந்தன. காரணத்தைச் சொன்னவர் மெஷினில் நின்ற வயதான தொழிலாளி: போயா (பௌர்ணமி) விடுமுறைக்குப் பிறகு, தண்ணீரை மென்னீராக்கும் சொஃப்ற்னருக்கு யாரும் உப்பு விடவில்லை. அவர் சொன்னது சிங்களத்தில். எனக்கு அது விளங்காமல் போயிருந்தால் அன்று சாயத்தைத் திருப்பி எடுத்திருப்போம்.

சிரமங்களும் இருக்கின்றன. விற்பனை இலக்கு, இரவு நேரத் தொலைபேசி, கட்டுநாயக்க, பியகம தொழில் வலயங்களில் அலைச்சல். பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். ஆனால் நான் கண்ட சிறந்த சேர்விஸ் ஆட்களில் இருவர் பெண்கள். வாடிக்கையாளர் ஆலையின் குணம் தெரிந்தவரைக் கம்பனி எளிதில் விடாது. பிறகு ஃபோர்முலேஷன் பக்கம் போனாலும், எது எங்கே பிழைக்கும் என்று தெரிந்தே போகலாம்.

ஆனாலும் தம்பியிடம் கியூ.சி. கடிதத்தை எடுக்கச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு மட்டும். கை பழகாமல் வாடிக்கையாளர் முன் நின்றால் முதல் கேள்வியிலேயே தடுமாற வேண்டிவரும். அதோடு, வேலை தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அதற்குள் சிங்கள வகுப்பில் சேரச் சொன்னேன். சரி அண்ணை என்று போயிருக்கிறார்.