டிப்ஸ்டிக்கா, திரையா? என்ஜின் ஆயில் பார்க்க எது தோது

கோலாலம்பூரில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறவர்களுக்கு ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு வகை வண்டிகள் கண்ணில் படும்: ஐந்தாறு வருடம் ஓடிய ஹோண்டா சிட்டி, பத்து வருடம் ஓடிய எஃப்30 பிஎம்டபிள்யூ 320ஐ. சீட், வேகம், ரோட் டேக்ஸ் எல்லாவற்றையும் எல்லோரும் ஒப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆயில் அளவை எப்படிப் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. சிட்டியில் டிப்ஸ்டிக், அதாவது ஆயிலில் முக்கி அளவு பார்க்கும் கம்பி, இருக்கிறது. 320ஐயில் அது கிடையாது. என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் பொருத்திய சென்சார் அளந்து சொல்வதைத் திரையில் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் டிப்ஸ்டிக் பக்கம். ஆனால் அதன் தொல்லைகளை மறைக்கக் கூடாது.

வண்டியை நிறுத்திய கையோடு கம்பியை உருவினால் ஒன்றும் புரியாது. குழாய்ச் சுவரெல்லாம் ஆயில் ஒட்டியிருக்கும். உருவும்போது அது கம்பியில் இழுபட்டு, நிறைந்த அளவைக் குறிக்கும் ‘மேக்ஸ்’ கோட்டுக்கு மேலும் ஈரம் காட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்து, உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, வளையம் அழுந்த உட்காரும்வரை செருகி, மறுபடி உருவ வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் காட்டினால் தாழ்ந்ததே சரி. உயரமாகத் தெரிவது குழாயில் உரசிய ஈரம். இன்னும் சுலபமான வழி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்ப்பது. இரவெல்லாம் ஆயில் கீழே வடிந்து குழாய் சுத்தமாக இருக்கும். சூடான என்ஜினில் பார்க்கச் சொல்கிற கையேடுகளும் உண்டு, ஆனால் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான்.

புது ஆயில் இன்னொரு சோதனை. தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். பளபளக்கும் கம்பியில் அது எங்கே முடிகிறது என்றே தெரியாது. அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் மங்கல் விளக்கில் கேட்கவே வேண்டாம். கம்பியின் நுனியை வெள்ளை டிஷ்யூ மேல் படுக்க வைத்து மெல்ல அழுத்துங்கள். ஈரம் எதுவரை ஊறுகிறதோ அதுவே அளவு. சரிவுப் பாதையில் நிறுத்திய வண்டியில் மட்டும் பார்க்காதீர்கள். சம்ப்பில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, இருப்பதைவிடக் கூடவோ குறையவோ காட்டும். பழைய வண்டிகளில் பிளாஸ்டிக் வளையம் வெயிலில் மொறுமொறுத்து உடைவதும் உண்டு. பிடியில்லாத கம்பியைக் குறட்டால் இழுத்தால் வளையும், பிறகு அளவும் தப்பும். புதிது ஒன்று மலிவுதான், மாற்றிவிடுங்கள்.

சென்சாரின் நன்மை சீக்கிரம் சொல்லி முடிகிற விஷயம். கை அழுக்காகாது, மழையில் போனட் திறக்க வேண்டாம், ஆயில் குறைந்தால் தானாகவே எச்சரிக்கும். போனட்டை எப்போதுமே திறக்காதவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆயில் மாற்றும் நாள். அன்று எவ்வளவு ஊற்றினோம் என்று உடனே தெரிய வேண்டும், அந்த இடத்திலேயே தெரிய வேண்டும்.

நம் ஊரில் மிஞ்ஞாக் ஹீத்தாம், அதாவது என்ஜின் ஆயில், பெரும்பாலும் 4 லிட்டர் போத்தலில்தான் வரும். மைவி போன்ற சின்ன என்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 லிட்டரும் கொஞ்சமும் போதும். மிச்சம் வைத்து என்ன செய்வது என்று சில பட்டறைகளில் முழு போத்தலையும் கவிழ்த்துவிடுவார்கள். ‘மேக்ஸ்’ கோட்டுக்கு வெகு மேலே போனால் என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலில் காற்றிருக்கிறது. பேரிங்குக்குப் போக வேண்டிய அழுத்தம் ஒழுங்காகப் போகாது. ஆயில் சீல்கள் கசியும், மிச்சம் என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்கில் ஏறி நீலப் புகையாக வெளியேறும். டிப்ஸ்டிக் இருந்தால் இதையெல்லாம் அங்கேயே தடுக்கலாம். “அண்ணே, மூணு லிட்டர் ஊத்திட்டு நிறுத்துங்க, பாத்துட்டு மிச்சத்த ஊத்தலாம்” என்று ஃபோர்மேனிடம் சொன்னால் போதும். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் புது ஃபில்டர் நிறைந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து, 200 மில்லி 200 மில்லியாகச் சேர்த்து, இரண்டு கோடுகளுக்கு நடுவில் முக்கால் உயரத்தில் நிறுத்திவிடலாம்.

சென்சார் வண்டியில் அந்த வசதி இல்லை. சரியாக அளக்க என்ஜின் முழுச் சூடேற வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஐடிலில் ஓரிரு நிமிடம் ஓட வேண்டும். குளிர்ந்த என்ஜினில் திரையில் தெரிவது பெரும்பாலும் முந்தைய அளவீடு. எனவே பட்டறையில் கையேட்டு அளவை நம்பி ஊற்றுவார்கள். 320ஐக்கு அது சுமார் 5 லிட்டர். பழைய ஆயில் முழுக்க வடியாமல் அரை லிட்டர் உள்ளேயே தங்கியிருந்தால், அது சூடேறிய பிறகுதான் தெரியவரும். அதற்குள் நீங்கள் செந்தூலிலிருந்து செராஸ் வந்து சேர்ந்திருப்பீர்கள். சென்சாரே பழுதானால் அளவே தெரியாது. அதை மாற்ற ஆயிலை வடித்தாக வேண்டும்.

சில மெர்சிடிஸ் என்ஜின்களில் குழாய் மட்டும் இருக்கும், மூடி போட்டிருக்கும், கம்பி இருக்காது. பட்டறைக்காரர் தன் அளவுக்கம்பியை விட்டுப் பார்ப்பார். அது நல்ல ஏற்பாடு. டிப்ஸ்டிக், எச்சரிக்கை இரண்டையும் வைத்திருக்கும் ஃபோக்ஸ்வேகன் கார்கள் அதைவிடவும் நல்லவை.

அளவைத் தாண்டியும் கம்பி பேசும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில், எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலக்கும். அளவு குறையாது, சில சமயம் ஏறவும் ஏறும். அளவு நிறைவாக இருப்பதால் எச்சரிக்கை எதுவும் வராது. கம்பியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை தெரியும், விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடும். பால் தேநீரான தே தாரிக் நிறத்தில் பால்போலத் திரண்டிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது வெறும் ஈரப்பதமாக இருக்கலாம்; கம்பியிலும் இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

பெட்ரோல் வண்டிகளை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன். டீசலில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஹைப்ரிடில் என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும். பவரை முழுக்க அணைக்காமல் போனட்டுக்குள் கை வைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் 320ஐதான் மனதுக்குப் பிடித்திருந்தால், கடை வாசலில் நின்றபடி முடிவெடுக்காதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, சமமான இடத்தில் நிறுத்தி, அளவீட்டைப் புதிதாக எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்பழுப்புப் பசை படிந்திருந்தால், நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டி. வாங்கிய பிறகு ஒரு லிட்டர் போத்தலை வண்டியின் பின்பக்கப் பூட்டில் வைத்திருங்கள். மஞ்சள் விளக்கு ஆயில் அளவு குறைந்ததைச் சொல்வது, அடுத்த பெட்ரோல் நிலையத்தில் ஊற்றினால் போதும். சிவப்பு விளக்கு ஆயில் அழுத்தம் போய்விட்டதைச் சொல்வது. காராக் மேட்டில் எரிந்தாலும் ஓரங்கட்டி அங்கேயே அணைத்துவிடுங்கள்.