டீசலில் இருந்து லித்தியம் ஃபோர்க்லிஃப்டுக்கு: சில ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

எங்கள் கிடங்கில் சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்டில் இப்போது டீசலில் ஓடுவது ஒன்றுகூட இல்லை. முதலில் ஈய-அமில பேட்டரி வண்டிகள் வந்தன. அந்த பேட்டரிகள் ஓய்ந்ததும் லித்தியத்துக்கு மாறினோம். மூன்றிலும் வேலை வாங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

டீசல் காலத்தில் மேலடுக்கு அட்டைப்பெட்டியை விரலால் தடவினால் கரி ஒட்டும். புகை வெளியேற வேண்டுமே என்று கதவுகளைத் திறந்தே வைத்திருப்போம். தூசி தாராளமாக உள்ளே வரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு உருவாகிறது. அந்தக் கணக்கெல்லாம் மேலதிகாரிகளுக்கு. ஓட்டுநர்களுக்கு இருமல் குறைந்ததுதான் பெரிய செய்தி.

ஈய-அமில பேட்டரி கொஞ்சம் சீராட்டு கேட்கும். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஆறவிடுதல் என்பது அதன் நடைமுறை. இரண்டு ஷிஃப்ட் ஓட்ட வேண்டுமானால் வண்டிக்கு இன்னொரு பேட்டரியும் அதைத் தூக்கி மாற்றக் கருவியும் வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் ஒரு தீப்பொறி போதும் என்பதால் காற்றோட்டமுள்ள தனி இடம் ஒதுக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றும் வேலை வேறு. உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும்.

லித்தியத்தில் இந்தத் தொல்லைகள் இல்லை. தேநீர் இடைவேளையில் செருகி, திரும்பி வந்ததும் எடுத்து ஓட்டலாம். மின்இழப்பும் மிகக் குறைவு. ஆனால் எல்லாரும் ஒரே இடைவேளையில் செருகினால் மின்தேவை சட்டென்று எகிறிவிடும். மின்கட்டணம் அந்த உச்சத்தையும் பார்த்துப் போடப்படுவது. அதனால் இடைவேளைகளைப் பிரித்துவிட்டோம். ஆரம்பத்தில் முணுமுணுப்பு எழுந்தது, பிறகு பழகிவிட்டது. அடிக்கடி செருகி எடுப்பதால் பிளக்கின் தொடுமுனைகள் தேய்கின்றன. பிளக் சூடாகிறதா என்று வாரந்தோறும் கை வைத்துப் பார்ப்பது நல்லது. விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

பழைய வண்டியிலேயே லித்தியம் பொருத்த நினைப்பவர்கள் எடையைக் கவனியுங்கள். ஈய பேட்டரியின் பாரமும் சேர்ந்துதான் வண்டி முன்னால் கவிழாமல் நிற்கிறது. எடை குறைந்தால் எஃகுப் பாளம் வைத்து ஈடுகட்டியாக வேண்டும். தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் இதில் கை வைக்கக் கூடாது. உறைகுளிர் கிடங்காக இருந்தால் இன்னொன்று: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்தால் செல்லுக்குள் உலோகம் படிந்து கெடும். வெளியே கொண்டுவந்தோ, சூடேற்றும் கருவி உள்ள பேட்டரி வாங்கியோதான் சமாளிக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் கணக்கில் ஈயத்துக்கும் ஒரு பாராட்டு உண்டு. ஆயுள் முடிந்த ஈய பேட்டரியை வாங்கி உருக்கி மீட்க எங்கும் ஆளுண்டு. முறையாகச் செய்யாவிட்டால் அதுவே நஞ்சாகும் என்பது வேறு விஷயம். லித்தியத்துக்கு அத்தகைய மறுசுழற்சி ஏற்பாடு இன்னும் பரவலாகவில்லை. வாங்கும்போதே திரும்பப் பெறும் உறுதியை எழுத்தில் கேளுங்கள்.

நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் புகை இடம்தான் மாறுகிறது என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. எங்களுக்குக் கைகொடுத்தது கூரைச் சூரியத் தகடுகள். ஈய பேட்டரி இரவில்தான் சார்ஜுக்கு நிற்கும், வெயில் வீணாகும். லித்தியம் நண்பகல் இடைவேளையில் அந்த மின்சாரத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

பகல் ஷிஃப்ட் மட்டும், அதிலும் பாதி நேரம் வண்டி சும்மா நிற்கும் கிடங்கு என்றால், நல்ல நிலையில் உள்ள ஈய பேட்டரியை அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். அதன் ஆயுள் முடியட்டும்.