பப்ளிஷர் அட்வான்ஸா, எர்லி ஆக்சஸா, கிக்ஸ்டார்ட்டரா? கடைசி ஆறு மாதச் சம்பளக் கணக்கு

நான்கு பேர் சேர்ந்து பிசிக்கு ஒரு கேம் செய்கிறீர்கள். சென்னையிலோ கோவையிலோ ஒரு சின்ன அறை. வாடகை, கரண்ட், மென்பொருள் சந்தா, ஆடிட்டர், ஆளுக்குச் சுமாரான சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 3 லட்சம் என்று வையுங்கள். பதினேழு மாதத்துக்கு 51 லட்சம். டாலருக்கு 85 ரூபாய் போட்டால் 60,000 டாலர். இதை எங்கிருந்து புரட்டுவது என்றால் பேச்சு சுற்றிச் சுற்றி மூன்று வழிகளில்தான் வந்து நிற்கும்: கேமை வெளியிட்டு விற்றுத் தரும் நிறுவனமான பப்ளிஷர் தரும் முன்பணம், முடியாத கேமையே விற்கத் தொடங்கும் எர்லி ஆக்சஸ், பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம். நாங்கள் பப்ளிஷர் பக்கம் போனவர்கள். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கிக்ஸ்டார்ட்டரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்திய வங்கிக் கணக்கை வைத்து அங்கே பிரசாரம் தொடங்க முடியாது. வெளிநாட்டில் ஆளோ நிறுவனமோ வேண்டும். கமிஷன் 5%, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. குறித்த இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2017இல் ‘ராஜி’க்காக முயன்றபோது இலக்கு எட்டவில்லை, அந்த கேம் 2020இல் பப்ளிஷர் வழியாகத்தான் வெளியானது. இலக்கைத் தாண்டினால் வேறு வகைத் தலைவலி. ‘ஷவல் நைட்’ 2013இல் 75,000 டாலர் கேட்டு 3,11,502 டாலர் வாங்கியது. கேம் 2014 ஜூனில் வந்தது. ஆனால் பணம் ஏற ஏற அள்ளிவிட்ட கூடுதல் வாக்குறுதிகளைக் கொடுத்து முடிக்க 2019 டிசம்பர் ஆகிவிட்டது. அவர்களுக்கு விற்பனை கைகொடுத்தது. கேம் சுமாராகப் போயிருந்தால் அந்த ஐந்தரை வருடத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது?

மானியங்களும் உண்டு. எபிக் மெகாகிராண்ட்ஸ், கிராஃப்டனின் இந்திய இன்குபேட்டர், சோனியின் இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட் என்று எது விண்ணப்பம் வாங்குகிறதோ அதற்கெல்லாம் விண்ணப்பியுங்கள், தப்பில்லை. ஆனால் பதில் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. அதை நம்பி ஆளை வேலைக்கு எடுக்காதீர்கள்.

இனி எர்லி ஆக்சஸ். பிசி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இது 2013 முதல் இருக்கிறது. ‘ஸ்லே தி ஸ்பையர்’, ‘ஹேடீஸ்’, ‘வாம்பயர் சர்வைவர்ஸ்’ என்று வெற்றிப் பட்டியலை அடுக்குவார்கள். மூன்றும் எந்த வகை என்று பாருங்கள்: செத்துச் செத்து மறுபடி முதலிலிருந்து ஆடுகிறவை. பாதி முடிந்த நிலையிலும் நூறு மணி நேரம் ஆடலாம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஆள் திரும்பி வருவார். ஆறு மணி நேரக் கதை விளையாட்டை அப்படிப் பாதியில் விற்றால், வாங்கியவர் இரண்டு மணி நேரத்தில் இருக்கிற இடம்வரை முடித்துவிட்டு, மீதி வரும்போது கதையையே மறந்திருப்பார். இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால், வாங்கிய 14 நாளுக்குள் ஸ்டீம் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. விற்பனையே இல்லாவிட்டாலும் வேலையைத் தொடர வசதி இல்லையென்றால் எர்லி ஆக்சஸுக்கு வராதீர்கள் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதாவது நிதி திரட்டும் வழியாக அதைக் கருதாதீர்கள் என்று கடைக்காரரே சொல்கிறார். காரணம் எளிது. விற்பனை முதல் வாரத்தில் குவிந்து பிறகு சரியும். செலவோ மாதாமாதம் 3 லட்சம் நேர்கோட்டில் போகும். முதல் மாதம் 800 பிரதி விற்றால், கொடுத்த வாக்கு 800 பேரிடம் இருக்கிறது, முடிக்கப் பணம் யாரிடமும் இல்லை. அரைகுறைக் காலத்தில் விழுந்த எதிர்மறை விமர்சனங்களும் முழுமையான 1.0 பதிப்பு வரும் நாளில் ஸ்டீம் பக்கத்தில் அப்படியே இருக்கும்.

பப்ளிஷர் அட்வான்ஸைப் பார்ப்போம். பொதுவாக இது கடன் கிடையாது. கேம் ஓடாவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை. (ஒப்பந்தத்தை நீங்கள் மீறினால் கதை வேறு. அந்தப் பத்தியை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.) அதற்கு விலையாக, போட்ட காசை விற்பனையிலிருந்து அவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அதுதான் ரீகூப்.

எண்ணைப் போட்டே பார்க்கலாம். விலை 15 டாலர். தள்ளுபடி, நாட்டுக்கு நாடு மாறும் விலை, வாட் வரி, ரீஃபண்ட் எல்லாம் போகச் சராசரியாக 8 டாலர் என்று வைப்போம். ஸ்டீமின் 30% போக 5.60. அட்வான்ஸ் 60,000, மொழிபெயர்ப்பு, சோதனை, விளம்பரம் என்று அவர்கள் கணக்கில் எழுதுவது 40,000. மொத்தம் ஒரு லட்சம் டாலர் ரீகூப் ஆக வேண்டும். அதன் பிறகு பாதிக்குப் பாதி.

மொத்த வருமானத்திலிருந்து ரீகூப் என்றால் 17,858 பிரதி விற்றதும் கணக்கு தீரும். உங்கள் பங்கிலிருந்து மட்டும் ரீகூப் என்று எழுதியிருந்தால், பிரதிக்கு 2.80 தான் கழியும். 35,715 பிரதி வேண்டும். அதற்குள் அவர்கள் கையில் இரண்டு லட்சம் டாலர் சேர்ந்திருக்கும், உங்களுக்கு ராயல்டி பூஜ்யம். ஒப்பந்தத்தில் இந்த வித்தியாசம் ஒரே ஒரு வார்த்தையில் ஒளிந்திருக்கும். முதல் பிரதியிலிருந்தே 20% உங்களுக்கு என்று பேசி வாங்கினால் ரீகூப் 22,322 பிரதிக்குத் தள்ளிப் போகும், ஆனால் அதற்குள் 25,000 டாலர் வந்திருக்கும். நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். கூடவே அந்த 40,000க்கு ஒரு உச்சவரம்பும்; அதற்கு மேல் செலவு என்றால் உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

இதைப் படித்ததும் ‘தனியாகவே விற்றுக்கொள்கிறேன்’ என்று தோன்றும். சரி, அதையும் கணக்கிடுங்கள். தனியாக 60,000 டாலர் பார்க்க 10,715 பிரதி விற்க வேண்டும். முதல் கேம் செய்யும் சின்னக் குழு அவ்வளவு விற்பது அரிது. ஆகவே அட்வான்ஸ்தான் இந்த கேமில் நீங்கள் பார்க்கப்போகும் மொத்தப் பணம் என்றே வைத்துத் திட்டமிடுங்கள். ராயல்டி வந்தால் தீபாவளி போனஸ்.

அப்படியானால் தொகையின் அளவைவிட அது எந்தத் தேதியில் வருகிறது என்பதில்தான் பேரம் பேச வேண்டும். வழக்கமாக முதலில் நீட்டப்படும் அட்டவணையில் 20, 25 சதவீதம் வெளியீட்டு நாளில் இருக்கும். 25% என்றால் 15,000 டாலர், நான்கு மாதச் சம்பளம். அது பூட்டிக் கிடக்கும் மாதங்கள்தான் வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்கள். வெளியீட்டு நாளைத் தீர்மானிப்பதும் நீங்கள் இல்லை. 2025 ஆகஸ்ட் 21 அன்று, பலரும் காத்திருந்த ‘சில்க்சாங்’ கேம் செப்டம்பர் 4இல் வருகிறது என்று அறிவித்ததும் பல சின்ன கேம்கள் தேதியை மாற்றின. ‘டெமன்ஸ்கூல்’ நவம்பருக்குப் போனது. வியாபாரத்துக்கு அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் கடைசித் தவணை வெளியீட்டு நாளோடு கட்டப்பட்டிருந்தால் இரண்டரை மாதச் சம்பளம் காற்றில்.

60,000ஐ இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: கையெழுத்துக்கு 9,000, முழுத் தரத்தில் ஒரு பகுதி ஆடிக் காட்டும்போது 12,000, எல்லா அம்சமும் உள்ளே வந்த ஆல்பாவுக்கு 15,000, எல்லா உள்ளடக்கமும் வந்த பீட்டாவுக்கு 12,000, வெளியீட்டுக்குத் தயாரான பில்டை (ஓடும் பதிப்பை) ஒப்படைக்கும்போது 6,000, வெளியான இரண்டு மாதம் கழித்து, பேட்ச் (பிழைத்திருத்த) வேலைக்கு 6,000. ஐந்தாவது தவணை பில்டை ஒப்படைத்த தேதியோடு கட்டப்பட வேண்டும். 15 வேலை நாளுக்குள் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்ற வரியும் வேண்டும். அது இருந்தும் பில் அனுப்பி, 30 நாள் காத்திருந்து, வங்கிக்குப் பணம் வந்து சேர ஏழு வாரம் ஓடிவிடும். ஆக, இரண்டு மாதச் சம்பளம் எப்போதும் கையிருப்பில் வேண்டும்.

வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஆறு மாதம் அப்படி என்னதான் செய்வீர்கள்? கேம் ஓடும்போது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளியபடியே வயர்லெஸ் கன்ட்ரோலரின் பேட்டரியைக் கழற்றுங்கள். கடைசி உள்ளீடு அப்படியே தங்கிவிட்டால் கதாபாத்திரம் நடந்து போய்ப் பள்ளத்தில் விழும். பிறகு கன்சோலுக்கும் கொண்டு போனால், அங்கே சான்றிதழ் சோதனையில் இதற்குத் தயவு கிடையாது. தொடர்பு அறுந்ததும் கேம் நிற்க வேண்டும், செய்தி காட்ட வேண்டும். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் நேரத்தைப் பூஜ்யமாக்கி நிறுத்துவீர்கள். கதைக் காட்சி ஓடும் கட்சீனில் படம் உறைந்து இசை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்தால், திரும்பத் தொடங்கும்போது உதட்டசைவு விலகும். ஒரு பேட்டரிக்கு மூன்று நாள். இப்படி இருநூறு உருப்படிகள் பட்டியலில் நிற்கும்: பழைய சேவ் கோப்பு புதிய பில்டில் திறக்காதது, ஜெர்மன் சொற்கள் பொத்தானைவிட்டு வெளியே வழிவது, கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கின் சின்னத் திரையில் எழுத்து படிக்க முடியாதது. தமிழிலும் போடலாம் என்று ஆசைப்பட்டால், யூனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் ‘கெ’யின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும்; அதற்குத் தனிப் பிளகின் தேட வேண்டும். யூனிட்டிக்கு மாற்றான கோடோ 4 இதைத் தானே சரியாகக் காட்டிவிடுகிறது. ஆதலால் பதினேழு மாதத்தில் பதினோராவது மாதத்தோடு புது யோசனைகளுக்குக் கதவை அடைத்துவிட வேண்டும்.

நாங்கள் சொல்வதெல்லாம் பிசி கேம்களின் அனுபவத்தில். கன்சோல் முதலாக வெளியிடுபவர்களுக்கு எண்கள் மாறும். மொபைலுக்கு இந்தக் கணக்கு ஒட்டவே ஒட்டாது.

வரியும் வழிக்கு வழி மாறும். ஸ்டீமில் நேரடியாக விற்றால் அமெரிக்க விற்பனைப் பங்கில் 30% பிடித்தம். படிவத்தில் பான் எண் கொடுத்து இந்தியா-அமெரிக்க ஒப்பந்தத்தைக் கோரினால் 15%. பப்ளிஷர் வழியாக வந்தால் அவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டோடுள்ள ஒப்பந்தம் பார்க்க வேண்டும். வருமான வரித் துறையிடம் வசிப்பிடச் சான்றிதழை முதல் தவணைக்கு முன்பே வாங்கி வையுங்கள். பணம் பிடித்த பிறகு ஓடினால் அடுத்த வருட ரிட்டர்ன் வரை இழுக்கும்.

எர்லி ஆக்சஸ் முந்தும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கேம் திரும்பத் திரும்ப ஆடும் வகை; வெளிவேலை எடுத்துச் சேர்த்த ஆறு மாதச் சம்பளம், 18 லட்சம், விற்பனையைத் தொடாமலே வங்கியில் இருக்கிறது; டெமோ போட்டதில் முன்பின் தெரியாதவர்கள் மணிக்கணக்கில் ஆடுகிறார்கள். மூன்றும் இருந்தால் பப்ளிஷருக்கு எதற்குப் பாதி? நூறு டாலர் கட்டி நீங்களே ஸ்டீம் பக்கத்தைத் திறங்கள். ஆயிரம் டாலர் வருமானம் தாண்டினால் அந்த நூறும் திரும்பி வரும்.

பப்ளிஷரிடம் போனாலும் அந்த ஸ்டீம் பக்கத்தை உங்கள் கணக்கிலேயே திறந்து வைத்துவிட்டுப் பேச்சுக்கு உட்காருங்கள். அவர்கள் கணக்குக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஒப்பந்தம் முறிந்தால் இத்தனை நாளுக்குள் விஷ்லிஸ்ட்டோடு (வாங்க விரும்பிக் குறித்து வைத்தவர்கள் பட்டியலோடு) திரும்ப உங்களிடம் மாற்றித்தர வேண்டும் என்று நாள் எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள். முப்பது நாள் நியாயம்.