புளூ நோட் ரெக்கார்டு: பழைய பதிப்பா, மறுபதிப்பா?

அமெரிக்காவின் சிறிய இசைத்தட்டுக் கடைகளில் ஜாஸ் தேடுபவருக்கு இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். ஒரு பக்கம் புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் 1950, 60-களின் மூலப் பதிப்பு. மறுபக்கம், அதே நிறுவனம் 2019-இல் தொடங்கிய டோன் போயட் வரிசை மறுபதிப்பு.

மூலப் பதிப்பு என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது. லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரையும் (ஆர்விஜி அல்லது வான் கெல்டர் என்று), காது போல் வளைந்த சிறு குறியும் இருக்க வேண்டும். தட்டுகளை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம் அந்தக் காது. புளூ நோட் 1965-இல் லிபர்ட்டி என்ற இசைத்தட்டு நிறுவனத்திடம் விற்கப்பட்டதும் சீக்கிரமே அது மறைந்துவிட்டது. இவையெல்லாம் பொருந்தினாலும் பணத்தை நீட்டிவிடாதீர்கள். அக்காலத்துக் கனத்த ஊசிகள் உண்டாக்கிய தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. கடையிலேயே ஒலிக்கவிட்டு, உரத்த ட்ரம்பெட் பகுதியில் கரகரப்பு எழுகிறதா என்று கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள பிரதி பல நூறு டாலர், சிலவேளை ஆயிரங்கள்.

டோன் போயட்டில் இந்தத் துப்பறிதல் இல்லை. மூல ஒலிநாடாவிலிருந்து ஒலிப்பொறியாளர் கெவின் கிரே தட்டுக்கு வெட்டியது; தடித்த உறை, அமைதியான பரப்பு. பாஸ் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் பெரும்பாலானவை ஸ்டீரியோ. பழைய மோனோ தட்டுகளின், முகத்தில் அறையும் நெருக்கம் குறைவு.

கேட்பதற்காக வாங்குபவர் மறுபதிப்பையே எடுக்கலாம் என்பேன். பழையதன் வாசம்தான் வேண்டுமென்றால், காதுக் குறி இல்லாமல் வான் கெல்டர் முத்திரை மட்டும் உள்ள லிபர்ட்டி காலத் தட்டுகளைத் துழாவுங்கள். சேகரிப்பாளர்களின் போட்டி அங்கே குறைவு.